இரண்டாவது ஸ்டெப் ஓடவில்லை

உங்கள் கம்பெனி ஆண்டு மலருக்காக நீங்கள் அனுப்பிய கடிதத்தில், "தங்கள் சாதனைகளை இளைய தலைமுறையோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மனைவியிடம் கேட்டேன். அவளும் கொஞ்ச நேரம் மனப்பூர்வமாக யோசித்துவிட்டு, "தப்புன்னா நிறைய இருக்குது, சாதனைன்னு கேட்டா எப்படி?" என்றாள். ஆகவே தப்பையே எழுதுகிறேன்.

நீங்கள் இன்று வங்கிகளுக்காக எழுதுகிற ஜேசிஎல்லைத்தான் நானும் எழுதினேன். எந்த வேலையை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும், எந்த ஃபைலை எடுக்க வேண்டும் என்று மெயின்ஃபிரேமுக்கு உத்தரவு போடுகிற மொழி. நீங்கள் திரையில் அடிக்கிறீர்கள். நாங்கள் துளை அட்டையில் அடித்தோம். அட்டைக்கு எண்பது கட்டம். அட்டை ஒழிந்து எத்தனையோ காலமாகியும் உங்கள் திரையில் இன்னும் எண்பது கட்டம்தான் என்று கேள்விப்பட்டபோது, விற்றுவிட்ட வீட்டுக்கு இன்னும் நம் பெயரில் தபால் வருகிறது என்று தெரிந்ததுபோல ஒரு சந்தோஷம்.

அந்த மொழியை உண்டாக்கியவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். அன்றைக்கு அவர் வீட்டில் ஏதோ சண்டை, அவ்வளவுதான். முதல் இரண்டு கட்டத்தில் இரண்டு சாய்கோடு இல்லாவிட்டால் உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடும். அடுத்த வரிக்குத் தொடர வேண்டுமென்றால் பதினாறாம் கட்டத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பதினேழில் தொடங்கினால் நீங்கள் வேற்று ஆள். எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை இடைவெளி. எடப்பாடியில் நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன். காற்புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி விட வேண்டும் என்று அங்கே ஸ்கேலால் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதே ஒழுக்கத்தோடு முதல் அட்டையை அடித்தேன். மெஷின் காற்புள்ளி வரை படித்துவிட்டு, "மீதி எங்கே?" என்று கேட்டது. மீதி அதே அட்டையில், ஒரு இடைவெளி தள்ளி, அதன் கண்ணெதிரில் இருந்தது. மூன்று நாள் நான் அந்த மீதியைத் தேடினேன்.

இடைவெளிக்குப் பிறகு நீங்கள் எழுதுவது எதுவும் மெஷினுக்கு உத்தரவல்ல. உங்கள் சொந்தப் பேச்சு. அதை அது படிக்காது. ஆனால் மரியாதைக்கு, வேலை முடிந்து வருகிற லாக் தாளில் அச்சிட்டுவிடும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். சேலத்துக்கு வெளியே ஒரு பெரிய ஆலை. அதற்குச் சொந்தமாக ஒரு மெயின்ஃபிரேம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் அதை வெளியாருக்கு வாடகைக்கு விடுவார்கள். அந்த மூன்று மணி நேரத்தை நம்பி நடந்த ஒரு சின்ன நிறுவனத்தில்தான் எனக்கு வேலை. எங்களுக்கு வாய்த்த பெரிய வாடிக்கையாளர், நாமக்கல் பக்கத்து ஒரு சர்க்கரை ஆலை. வாராவாரம் அதன் கரும்பு வெட்டு உத்தரவுகளை நாங்கள் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வயலைக் காடு என்போம். காடு உங்களுடையது, கரும்பு உங்களுடையது. ஆனால் வெட்டுவதற்குச் சர்க்கரை ஆலையிலிருந்து தாள் வர வேண்டும். நட்ட தேதி வரிசையில் வரும். தாள் இல்லாமல் வெட்டிய கரும்பு ஆலை வாசலில் கிடந்து காயும். தாள் வராத கரும்பு காட்டில் நின்றபடியே காயும். அதனால் கிணறு வற்றிய காடு, தீப்பிடித்த காடு இவற்றை வரிசையில் முன்னே தள்ள 'அவசரப் பட்டியல்' என்று ஒன்று உண்டு.

எங்கள் ஜாப்பில், அதாவது மெஷினுக்குக் கொடுக்கிற ஒரு முழு வேலையில், மூன்று ஸ்டெப். முதலாவது அட்டைகளைச் சரிபார்க்கும். இரண்டாவது அவசரப் பட்டியல்காரர்களை முன்னே நகர்த்தும். மூன்றாவது உத்தரவுகளை அச்சடிக்கும். முதல் ஸ்டெப்பில் பிழை இல்லையென்றால் இரண்டாவதை ஓட்டு என்று ஒரு நிபந்தனை போட்டேன். அதாவது, போட்டதாக நினைத்தேன்.

இங்கேதான் அந்த மொழியின் தலையாய குணம் வருகிறது. ஒரு ஸ்டெப்புக்கு நிபந்தனை போடும்போது, 'எப்போது ஓட வேண்டும்' என்று அது கேட்பதில்லை. 'எப்போது ஓடக் கூடாது' என்றுதான் கேட்கும். 'சோறு வெந்துவிட்டதா?' என்று நீங்கள் எழுதினால், 'வெந்துவிட்டால் இலை போட வேண்டாம் என்கிறீர்கள், ஆகட்டும்' என்று எடுத்துக்கொள்ளும். கையேட்டில் இதைத் தெளிவாக எழுதியிருந்தார்கள். நானும் தெளிவாகப் படித்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோது சாதாரண மனிதனைப் போல யோசித்துவிட்டேன். ஆகவே மெஷின் புரிந்துகொண்டது இது: பிழை இருந்தால் ஓடு, பிழையே இல்லையென்றால் தாண்டிப் போ.

இது வெளியே தெரியவில்லை. எந்த வாரமும் அட்டைகளில் ஒன்றிரண்டு சில்லறைப் பிழைகள் இருக்கும். ஊர் எண் விட்டுப்போயிருக்கும், வயல் எண் மங்கலாயிருக்கும். மெஷின் லேசாக முணுமுணுத்துவிட்டு இரண்டாவது ஸ்டெப்பை ஓட்டும். பிழை இருக்கும்போது ஏன் ஓடுகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏன் ஓடுகிறாய் என்று யார் கேட்பார்கள்? எங்கள் அட்டைகள் தப்பாக இருந்ததால் எங்கள் ஜாப் சரியாக நடந்துகொண்டிருந்தது.

மெயின்ஃபிரேம் இருந்த ஹாலின் தலைமை ஆபரேட்டர் சேலத்து ஆலையின் ஆள், ஆத்தூர்க்காரர். ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எதையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பெயர் எழுதவில்லை, பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு ஜாப் முடிந்ததும் பிரிண்ட் அவுட்டின் முதல் சில தாள்களில், நாம் கொடுத்த கட்டளை அட்டைகளையும், எந்த ஸ்டெப் ஓடியது, எது ஓடவில்லை என்பதையும் மெஷின் அச்சிடும். அதுதான் லாக். வாடிக்கையாளருக்கு அது தேவையில்லை. கிழித்து ஓர் அட்டைப் பெட்டியில் போடுவோம். மதியம் அந்தப் பெட்டி, பலகாரம் மடிக்க, ஆலை வாசல் டீக்கடைக்குப் போகும். பதிலுக்கு ஹாலுக்கு டீ வரும். இந்த ஒப்பந்தத்தை யார் செய்தார்கள் என்று தெரியாது. நான் சேர்வதற்கு முன்பே அமலில் இருந்தது. தலைமை ஆபரேட்டர் தன் லாக்கை வரி வரியாகப் படித்த பிறகே பெட்டியில் போடுவார். என்னிடமும், "உன் லாக்கை நீ படிய்யா" என்பார். நான் கடைசி வரியில் 'ஜாப் முடிந்தது' என்று இருக்கிறதா என்று பார்ப்பேன். முடிந்ததை எதற்குப் படிப்பது என்பது என் கட்சி.

இனி சாந்தாமணி.

அவள் எங்கள் பஞ்ச் ஆபரேட்டர். அட்டையில் பிழை வந்தால் அங்கேயே திருத்தி அடிப்பதற்காக ஞாயிறுகளில் அவளும் வருவாள், மல்லசமுத்திரத்திலிருந்து. எங்கள் பஞ்ச் மெஷினில் மை நாடா தேய்ந்துபோய் அட்டையின் மேல் எழுத்து விழாது, வெறும் துளைதான். அவள் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, துளைகளைச் செய்தித்தாள்போலப் படிப்பாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் தப்பான அட்டையோடு போய் நிற்கும்போதெல்லாம் தலையைத் தூக்காமல், "மறுபடியுங்களா?" என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே சில தப்புகளை வேண்டுமென்று செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் எல்லாமே இயற்கையாக வந்தவை.

எங்கள் வீட்டில் நாலு தறி. தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவனுக்கு மெதுவாகப் பேச வராது. சாந்தாமணியிடம் பேசும்போது மட்டும் என் குரல் எனக்கே கேட்காது. மல்லசமுத்திரம் பஸ் ஆலை வாசலுக்கு மூன்றரைக்கு வரும். எடப்பாடி பஸ் ஒன்றரைக்கே உண்டு. மூன்று வருஷத்தில் நான் அந்த ஒன்றரை பஸ்ஸில் ஏறியதே இல்லை.

"உங்க பஸ்ஸு போவுதுங்க" என்பாள்.

"கூட்டமா இருக்குதுங்க" என்பேன்.

காலி பஸ், எங்கள் இருவரையும் கடந்து, ஜன்னலெல்லாம் கடகடவென்று ஆட, போகும். போண்டா வாங்குவோம்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் நிபந்தனை போட்டிருந்தேன். வேலை நிரந்தரம் ஆகவில்லையென்றால் பேசாதே. அக்கா கல்யாணம் முடியவில்லையென்றால் பேசாதே. அவர்கள் காடு தோட்டம், நாங்கள் தறி என்பதை அவள் வீடு மறக்காத வரை பேசாதே. எப்போது பேச வேண்டும் என்று ஒரு அட்டைகூட என்னிடம் இல்லை. அந்த மொழியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

அது மாசி மாதம். கிணறுகள் வற்றத் தொடங்கியிருந்தன. அந்த ஞாயிறு எங்கள் அட்டைக் கட்டில் ஒரு பிழைகூட இல்லை. முதல் ஸ்டெப் பூஜ்யம் காட்டியது. தலைமை ஆபரேட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இந்த ஹாலுக்கு ஒரு தப்பில்லாத கட்டு வந்தது இதான்யா முதல் தடவை" என்றார். சாந்தாமணி குனிந்து சிரித்துக்கொண்டாள். அவசரப் பட்டியலில் அந்த வாரம் அவளுடைய அய்யன் பெயரும் இருந்தது. அப்பாவை அவள் அய்யன் என்றுதான் சொல்வாள். மூன்று ஏக்கர், வற்றிய கிணறு. அதனால் ஒவ்வோர் அட்டையையும் இரண்டு முறை சரிபார்த்திருந்தாள்.

பன்னிரண்டுக்கு உத்தரவுகள் கட்டாகத் தயார். சர்க்கரை ஆலையின் கரும்பு ஆபீசர் வந்து, முதலில் வெட்டாட்களை அனுப்ப வேண்டிய ஊர்களைத் தன் டைரியில் குறித்துக்கொண்டார். கட்டை ஜீப்பில் வைத்து, டிரைவரைக் காவல் வைத்து, எல்லா ஞாயிறும்போல டவுனில் மாட்னி பார்க்கப் போய்விட்டார். படம் விட்டதும் நேராக நாமக்கல். திங்கள் விடிந்தால் வெட்டு.

நாங்கள் வாசலுக்கு வந்தோம். ஒன்றரை பஸ் போனது. கூட்டமாக இருந்ததாக நான் சொன்னேன்.

"இந்த வாரம் வெட்டு வந்துருச்சுன்னா, வைகாசீல வெச்சுக்கலாம்னு ஊட்ல பேசிட்டு இருக்கறாங்க" என்றாள் சாந்தாமணி.

"என்னதுங்க?"

"கல்யாணந்தானுங்க."

"யாருக்குங்க?"

"எங்கய்யனுக்கா பண்ணுவாங்க?"

நான் ரோட்டைப் பார்த்தேன். "மாப்பிள்ளை?"

"திருச்செங்கோட்டுப் பக்கமுங்க. போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறாங்களாம். பேச்சுத்தானுங்க. இன்னும் உப்புச்சக்கரை மாத்தி உறுதி பண்ணலீங்க."

கிணறு வற்றிய வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மாப்பிள்ளை கிடையாது என்று எனக்கே தோன்றியது. சொல்லவில்லை. "நல்லதுங்க" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சாமி, சூடா இருக்குது, சாப்புடுங்க" என்று டீக்கடைக்காரர் ஆளுக்கு இரண்டு போண்டாவை அகலத் தாளில் வைத்துக் கொடுத்தார். மணி இரண்டே முக்கால் இருக்கும்.

எழுத்து எதில் இருந்தாலும் படிக்கிற பழக்கம் சாந்தாமணிக்கு. போண்டாவைத் தள்ளிவிட்டு எண்ணெய்த் தாளை நீவினாள். சட்டென்று நீவல் நின்றது.

"ஏனுங்க, இது நம்ம ஜாப்புங்களா?"

"இருக்குமுங்க."

"ரெண்டாவது ஸ்டெப்பு ஓடலீங்களே."

"ஓடியிருக்குமுங்க."

"ஓடலைன்னு போட்டிருக்குதுங்க. இங்க பாருங்க."

எண்ணெயில் ஊறிக் கண்ணாடிபோல ஆகியிருந்த தாளில், சட்னிக்குக் கொஞ்சம் கீழே, அந்த வரி இருந்தது. நிபந்தனை காரணமாக இரண்டாவது ஸ்டெப் இயக்கப்படவில்லை. என் மூளைக்குள் அந்த நிபந்தனை அட்டை மெதுவாகத் தலைகீழாகத் திரும்பியது. பிழை இல்லை, ஆகவே தாண்டிவிட்டது. அவள் ஒரு தப்பும் செய்யாததால், அவள் அய்யன் உட்பட நாற்பது பேர் வரிசையில் பின்னாலேயே நின்றுவிட்டார்கள். அடுத்த சுற்றுக்கு எத்தனை வாரமோ. அதுவரை அந்தக் கரும்பு நிற்காது.

"நான் பாத்தேன்னு யாருகிட்டயும் சொல்லீராதீங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அய்யன் பேரு அதுல இருக்குது. இவ அப்பனுக்காக மறுபடி ஓட்டச் சொன்னாளாம்னு பேச்சு வந்துரும். நானும் ஊருக்குள்ள தலைகாட்டோணும்."

இளைஞர்களே, உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. ஒரு போண்டா தின்னும் நேரம் நான் யோசித்தேன். இந்தத் தாளைக் கசக்கிப் போட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறு நிபந்தனையை மட்டும் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். என் வேலை போகாமல் தப்பிக்கும். வைகாசியும் தள்ளிப் போகும். அந்த இரண்டாவது லாபம் மனதில் வந்தபோது மீதிப் போண்டாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"நாலு மணிக்கு ஆலை ஜாப் ஆரம்பிச்சுருமுங்க" என்றாள் அவள்.

உள்ளே ஓடினோம்.

"என்னாய்யா, பஸ்ஸை விட்டுட்டியா?" என்றார் தலைமை ஆபரேட்டர்.

"சார், ரெண்டாவது ஸ்டெப் ஓடலை."

"யாரு சொன்னா?"

எனக்கு அவள் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. "போண்டா சார்" என்று தாளை நீட்டினேன்.

கண்ணாடிக்கு மேலாகத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவருகில் நின்ற சாந்தாமணியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியார் நேரம் முடிந்து மெஷினைக் கொடுத்தால் அவர் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். "நாலு மணிக்கு மெஷின் என் கையில இருக்கணும்" என்றார். அனுமதி என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"கண்டிஷனைத் திருப்பிப் போட்டுடறேன் சார்."

"எப்படித் திருப்புவே? சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். சமம் என்பதைச் சமமில்லை என்று மாற்றினால்... இல்லை, பெரியது என்று போட்டால்... பாதியில் நின்றேன். அந்தக் குளிரில் எனக்கு வியர்த்தது.

"திருப்ப வேணாம்" என்றார். "கண்டிஷனே வேணாம். எடுத்துடு. முதல் ஸ்டெப்பை ஓட்டு, நிறுத்து, கண்ணால பாரு. சரியா இருந்தா அடுத்ததை ஓட்டு. அவசரத்துல புத்திசாலித்தனத்தை நம்பாதே. இன்னிக்கு ஒரு தடவை நம்பியாச்சு."

முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தேன். நெருக்கடியில் இதைவிட நல்ல வார்த்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சிஸ்டம் கவிழ்ந்து எல்லோரும் ஆளுக்கொரு தந்திரத்தோடு ஓடிவரும்போது, நிபந்தனைகளை எடுத்துப் போட்டுவிட்டு ஒவ்வொரு ஸ்டெப்பாகக் கண்ணால் பாருங்கள். மெதுவாகத் தெரியும். அதுதான் வேகம்.

நிபந்தனை இல்லாத புது அட்டை ஒன்று வேண்டும். சாந்தாமணி பஞ்ச் மெஷினில் உட்கார்ந்தாள். "மறுபடியுங்களா?" என்று கேட்கவில்லை. அந்தக் கட்டளையின் நீளத்துக்கு அட்டையை அடிக்க ஒரு கணம் போதும். அவள் நடுவில் நிறுத்தினாள். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுபடி அடித்தாள்.

"ஆச்சுங்களா?" என்று நான் கதவருகிலிருந்து அவசரப்படுத்தினேன்.

"ஆச்சுங்க."

அட்டையை என் கையில் கொடுத்தாள். மூன்றரை பஸ்ஸின் ஹாரன் தூரத்தில் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் வாசலில் திரும்பி, "இந்தத் தடவையாச்சும் லாக்கைப் படிச்சுருங்க" என்றாள்.

"படிக்கறனுங்க" என்றேன்.

முதல் ஸ்டெப்பை ஓட்டினோம். நிறுத்தினோம். பார்த்தோம். இரண்டாவதை ஓட்டினோம், ஓடியது. உத்தரவுகள் புது வரிசையில் அச்சாகி விழ விழ நான் அடுக்கினேன். மல்லசமுத்திரம் மேலே ஏறியிருந்தது. மணி மூன்று ஐம்பது.

தலைமை ஆபரேட்டர் லாக்கைக் கிழித்து வழக்கம்போல வரி வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் நின்றார். கண்ணாடிக்கு மேலாக என்னை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் ஓடியிருக்கு. இந்தா, நீயும் ஒரு தடவை படி."

"நீங்க படிச்சா சரி சார். படம் விட்டுரும்" என்று சொல்லி, கட்டை அள்ளிக்கொண்டு, வாட்ச்மேன் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

தியேட்டர் வாசலில் ஜீப் நின்றது. வேர்த்து விறுவிறுத்து விஷயத்தைச் சொன்னதும் டிரைவர், "அட, கட்டை மாத்தி வெச்சுட்டுப் போங்க. அவருக்கு எங்க தெரியப்போவுது?" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் ஆபீசரின் டைரியில் பழைய வரிசை இருக்கிறது. காலையில் வெட்டாட்கள் ஒரு ஊருக்கும் தாள் இன்னொரு ஊருக்கும் போகும். காத்திருந்தேன். படம் விட்டது. இருட்டிலிருந்து வந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆபீசர் வந்தார்.

"என்னப்பா, நீயும் படத்துக்கா?"

"தப்பு பண்ணிட்டனுங்க சார்" என்று தொடங்கி முழுதும் சொன்னேன்.

"யாரு கண்டுபுடிச்சா?"

"டீக்கடைலீங்க."

"டீக்கடைக்காரரா? அப்ப அடுத்த வருசம் வேலைய அவருக்கே குடுத்தர்றனப்பா" என்றார். திட்டினார், என் நிறுவனத்தையும் என் படிப்பையும் சேர்த்துத் திட்டினார். திட்டிக்கொண்டே ஜீப் பானெட்டில் டைரியை விரித்து, பழைய ஊர்களை அடித்துப் புது ஊர்களை எழுதினார். மல்லசமுத்திரம் மூன்றாவது. சாந்தாமணியின் பெயர் எங்கேயும் வரவில்லை.

எடப்பாடிக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வேலையையும் பணயம் வைத்து, ஆசையையும் விட்டுக்கொடுத்து... இப்படியெல்லாம். வாலிபத்தில் மனிதனுக்குத் தன்மேலேயே கண்ணீர் வரும்.

அடுத்த ஞாயிறு கட்டைப் பிரித்தபோது இரண்டாவது ஸ்டெப்பின் அட்டை புதிதாக இருந்தது.

"பழசு மடங்கிப்போச்சுங்க. மாத்திட்டனுங்க" என்றாள் சாந்தாமணி. நிமிர்ந்து பார்க்கவில்லை. "கரும்பு வெட்டியாச்சுங்க."

"சந்தோசமுங்க."

"அன்னிக்கு லாக்கைப் படிச்சீங்களா?"

நான் படிக்கவில்லை என்று சொன்னால், இவ்வளவுக்குப் பிறகும் படிக்கவில்லையா என்பாள். வெட்கமாக இருந்தது.

"படிச்சனுங்க" என்றேன். "எல்லாம் சரியா இருந்துச்சுங்க."

அவள் அட்டைகளை நேராகத் தட்டி அடுக்கினாள். "சரீங்க" என்றாள்.

அன்றைக்கு வாசலில் போண்டா வேண்டாம் என்றுவிட்டாள். ஒன்றரை பஸ் வந்தது. "உங்க பஸ்ஸுங்க" என்றாள். கூட்டமாக இருப்பதாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து, ஏறிக்கொண்டேன். காலி பஸ். எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.

வைகாசியில் திருச்செங்கோட்டில் கல்யாணம். போனேன். மாப்பிள்ளை தங்கமான மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபீஸ்காரங்க முதல் பந்தீல உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

சில வருஷங்களில் அட்டைகள் போயின. நான் நிரந்தரமானேன், அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. என் நிபந்தனைகளில் முதல் இரண்டும் ஒழுங்காகத் தீர்ந்தன. தலைமை ஆபரேட்டர் ஓய்வு பெற்ற அன்று ஆலைக்குப் போயிருந்தேன். மாலையும் கையுமாக நின்றவர் என்னைத் தனியே அழைத்து, தன் இழுப்பறையிலிருந்து மடித்த அகலத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"உன்னுது. அன்னிக்கு டீக்கடைப் பெட்டியில போட மனசு வரல. நீ வந்து கேப்பேன்னு பார்த்தேன். கேக்கவே இல்லை."

"என்ன சார் இது?"

"உன் லாக். இப்பவாவது படி."

பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். அந்த ஞாயிறின் லாக். முதல் ஸ்டெப் ஓடியது. இரண்டாவது ஸ்டெப்பின் கட்டளை, அவள் அடித்த அட்டை, அப்படியே அச்சாகியிருந்தது. கட்டளை முடிந்து ஒரு இடைவெளி. இடைவெளிக்குப் பிறகு, ஆங்கில எழுத்தில் தமிழ்:

அய்யன்கிட்டக் கேளுங்க.

பிறகொரு நாள் ஆத்தூருக்கே போய், "ஏன் சார் அன்னிக்கே சொல்லலை?" என்று அவரிடம் கேட்டேன். "எனக்கு எழுதினது இல்லியேய்யா" என்றார். என் மனைவிக்கு இந்தக் கதை முழுதும் தெரியும். "அந்தம்மா தப்பிச்சுட்டாங்க" என்பாள். சொல்லிவிட்டு எனக்கு ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். தாளை அவள்தான் பத்திரமாக வைத்திருக்கிறாள். என்னிடம் இருந்தால் தொலைத்துவிடுவேனாம். கேட்டிருந்தால் அவளுடைய அய்யன் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. முடியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்தைச் சொல்லியே விரட்டியிருக்கலாம். ஆனால் அது ஓடிப் பார்த்த ஸ்டெப்பாக இருந்திருக்கும்.

லாக்கைப் படியுங்கள். 'ஜாப் முடிந்தது' என்ற வரியோடு எழுந்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்த தொழில் ரகசியம் இவ்வளவுதான். மலரில் இதற்கு இத்தனை பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை.

இடைவெளிக்குப் பிறகு இருப்பதை மெஷின் படிக்காது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அது தெரிந்துதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். நான் படிப்பேன் என்று நினைத்திருக்கிறாள்.